வண்டி மறையும் வரை

விதி ஒன்றுதான்:
விருந்தினரின் வண்டி வளைவில் மறையும்வரை
நிமிரக் கூடாது.
விடுதி வாசலிலிருந்து வளைவுக்கு
இருநூறு மீட்டர்.
வேறு யாராவது ஓட்டினால் இருபது நொடி,
ஹிரானுமா ஓட்டினால் முப்பத்தைந்து.
நடுவில் ஒரு ரயில்வே கேட்.
அதைக் கணக்கில் சேர்த்தவர் இல்லை,
நாளுக்கு நான்கே ரயில்.

இன்று காலை கிளம்பியவர் ஜோசியாஸ்.
பிரேசில்காரர். ஊரில் லாரி ஓட்டுகிறார்.
எங்கள் நிலைவாசல் ஒவ்வொன்றிலும்
ஒருமுறையாவது நெற்றியை இடித்தவர்.
வந்த அன்றே ஒரு கையேட்டை விரித்தார்:
பதினைந்து பாகை யாருக்கு?
முப்பது யாருக்கு? நாற்பத்தைந்து எப்போது?
மகளின் கணக்குப் பெட்டியிலிருந்து
பாகைமானி ஒன்று எடுத்து வந்திருந்தார்.

கையைக் கூப்பினார்.
அது சோற்றுக்கு முன், கோயிலில் என்றேன்.
என் கண்ணைப் பார்த்தபடியே குனிந்தார்.
சண்டைக்குக் கூப்பிடுவது போலிருக்கிறது,
பார்வை முதலில் இறங்கட்டும் என்றேன்.
நடந்துகொண்டே குனிந்தார்.
நின்று, பிறகு.
நன்றி சொல்லிக்கொண்டே குனிந்தார்.
சொல்லி முடித்து, பிறகு.
மூன்றாம் நாள்
பால் கொண்டுவரும் பையனுக்கும்
காபி விற்கும் இயந்திரத்துக்கும்
பிசகாமல் அதே முப்பது.
திருத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் இதைக் கற்றது இங்கே அல்ல.
செண்டாயில், ஒரு கட்டுமான நிறுவனத்தில்.
நாங்கள் கட்டிய குடியிருப்பில்
ஏழு மாடிக்கும் சேர்த்து ஒரே விரிசல்.
நீள மேசைக்குப் பின்னால் நான்கு அதிகாரிகள்,
ஓரத்தில் வரவேற்பறைக்காரி நான்.
ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்றார்கள்.
எவ்வளவு ஆழம், எத்தனை நொடி,
முந்தின இரவே ஒத்திகை.
கேமராக்களின் மின்னல் ஓயும்வரை எண்ணினோம்.
குனியக் குனியக் குட்டு விழும் என்பார்கள்.
அதுகூட விழவில்லை.
மறுநாள் செய்தித்தாளில்
ஐந்து உச்சந்தலைகள்.
அம்மா என் வகிட்டை அடையாளம் கண்டு
தொலைபேசியில் கூப்பிட்டாள்.
விரிசலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
சாப்பிட்டாயா என்றாள்.

இன்று
கேட் இறங்கியது. ரயில் வரவில்லை.
மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.
வண்டி மறையவில்லை.
முதலாளியம்மா நிமிரவில்லை,
ஆகவே சமையற்காரர் ஷிராதோ,
ஆகவே நான்.
குனிந்தவளுக்கு உலகம் கொஞ்சம்தான்:
ஈரச் சரளைக்கல்.
ஷிராதோவின் ரப்பர் செருப்பில் ஒட்டிய ஒரு பருக்கை.
என் காலுறையில், பெருவிரலுக்குப் பக்கத்தில்
நிறம் பொருந்தாத தையல்.
தூறல் பிடித்தது.
‘சிக்னல் பழுது’ என்றார் ஷிராதோ, தரையிடம்.
‘உம்’ என்றாள் முதலாளியம்மா, தரையிடம்.

வண்டிக் கதவு திறக்கும் சத்தம்.
விதியை மீறி
இமைக்கடியிலிருந்து பார்த்தேன்.
அந்த நெடிய உடம்பு இறங்கியது.
திரும்பியது.
நின்று, பிறகு.
பார்வை முதலில் இறங்க,
கை இரண்டும் தொடையோடு இறங்க,
தூறலுக்குள் எங்களை நோக்கி.

நாங்கள் நிமிரட்டும் என்று அவர்.
அவர் நிமிரட்டும் என்று நாங்கள்.
எந்தக் கையேட்டிலும்
இதற்கு ஒரு பக்கம் இருக்காது.

எட்டாம் நிமிடமோ ஒன்பதோ,
முதலாளியம்மாவின் தோள் குலுங்கியது.
அழுகிறாள் என்று பயந்தேன்.
பதினாறு வருடமாக இந்த வாசலில் குனிபவள்
சிரித்துக்கொண்டிருந்தாள்.
ஷிராதோவுக்குத் தொற்றியது. எனக்கும்.
மூவரும் மடங்கியபடியே,
சத்தம் வெளியே வராமல்,
மூக்கு நுனியில் தூறல் சொட்ட.

ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று,
உள்ளே ஒரே ஒரு பள்ளி மாணவனோடு, போனது.
வண்டி கிளம்பியது. வளைந்தது.
நிமிர்ந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாலைக்குள் அந்த அறை தயாராக வேண்டும்,
நான்கு பேர் வருகிறார்கள்.
விரிப்பை உதறும்போது
தலையணைக்கடியிலிருந்து விழுந்தது பாகைமானி.
தபாலில் அனுப்ப வேண்டும்.
பின்பக்கம் ஊசியால் கீறிய ஒரு பெயர்.
ஒரு மூலையில், குழந்தை கடித்த
பல் தடம்.